ஓ.டி. உண்டா?

டெட்ராய்ட்டில் எனக்குக் கிடைத்த முதல் பதவி உயர்வால் என் வருமானம் குறைந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் எச்-1பி விசாவில் வந்து இறங்கியபோது நான் கான்ட்ராக்ட் இன்ஜினியர். வேலை பெரிய மூன்று கார் கம்பெனிகளில் ஒன்றில். எது என்று சொல்வதில் பயனில்லை, மற்ற இரண்டிலும் இதே கதைதான். சம்பளம் கொடுத்தது நடுவில் இருந்த ஆள் அனுப்பும் நிறுவனம். கொடுத்தது மணிக்கணக்கில். நாற்பது மணிக்கு மேல் உட்கார்ந்தால் அதற்கும் காசு சேரும். ஒரே குறை, கழுத்தில் தொங்கிய பேட்ஜின் நிறம் வேறு. மீட்டிங்கில் அந்த நிறத்துக்கு நாற்காலி சுவரோரமாகத்தான் கிடைக்கும். கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவில் கம்பெனி மூடியிருக்கும் நாட்கள் மற்றவர்களுக்கு விடுமுறை, எங்களுக்கு உபவாசம்.

பிறகு கம்பெனியே என்னை 'டைரக்ட்' ஆக எடுத்துக்கொண்டது. பேட்ஜ் நிறம் மாறியது. நாற்காலி மேஜையோரம் வந்தது. இனி நான் கூலி அல்ல, சாலரி. நண்பர்கள் என் செலவில் மசால் தோசை சாப்பிட்டு வாழ்த்தினார்கள். முதல் சம்பளச் சீட்டு வந்தபோதுதான் அந்தத் தோசையின் முழு விலை தெரிந்தது.

சென்னைக்குப் போன் செய்தேன். அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையின் டைம் ஆபீஸில் கார்டுக் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். உலகத்தில் எந்த உத்தியோகத்தையும் அவர் அளக்கும் முறை வேறு.

"பர்மனென்ட் ஆயிட்டியா? ரொம்ப சந்தோஷம்பா. ஓ.டி. உண்டா?"

"இல்லப்பா. இது சாலரி. ஆபீசர் மாதிரி."

"ராத்திரி பத்து மணி வரைக்கும் வேலை இருந்தா?"

"பாத்துத்தாம்பா ஆகணும். புரொஃபஷனல்."

ஐ.எஸ்.டி. மீட்டர் ஓடிக்கொண்டிருந்தும் அவர் சற்று நேரம் பேசவில்லை. அப்புறம், "அதுக்கு அவ்ளோ தூரம் போவானேன்?" என்றார்.

அமெரிக்காவில் 1938-ல் வந்த தொழிலாளர் சட்டம் அப்பாவின் கேள்விக்குப் பதில் வைத்திருந்தது. வாரத்துக்கு இத்தனை மணிக்கு மேல் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு கொடு என்று சொன்ன சட்டம், நிர்வாகிகளுக்கும் படித்த தொழில்காரர்களுக்கும் அது தேவையில்லை என்றும் சொல்லிவிட்டது. அவர்களுக்குப் பேரம் பேசிக்கொள்ளத் தெரியும் என்று நினைத்தார்கள்போல. டெட்ராய்ட்டில் இதற்கு அழகான ஒரு பெயரும் உண்டு: 'காஷுவல் ஓவர்டைம்.' பணம் கொடுக்காத ஓவர்டைம் என்று அர்த்தம். இரவு எட்டு மணிக்கு ஆபீஸ் வளாகத்தில் காஷுவலாக நின்ற கார்களை எண்ணினால் ஒரு கார் ஷோ நடத்தலாம்.

எதிர்ப்புறம் மணிக்கூலி வாங்கும் ஹவர்லி ஆட்கள். யு.ஏ.டபிள்யூ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஐக்கிய மோட்டார் தொழிலாளர் சங்கத்தின் உறுப்பினர்கள். அவர்களைப் பற்றி எங்களுக்கு வண்டி வண்டியாகக் கருத்து இருந்தது. முக்கால்வாசி கருத்து பிளான்ட்டுக்குள் கால் வைக்காதவர்களுடையது. எனக்கு அந்தச் சௌகரியம் வாய்க்கவில்லை. புது மாடல் வெளிவரும் காலங்களில் மாதக்கணக்காக பிளான்ட்டிலேயே கிடக்க வேண்டியிருந்தது.

ஒரு இரவு லைனில் ஒரு சென்சார் மக்கர் செய்தது. மடிக்கணினியோடு போனேன். சென்சாரின் கேபிளைப் பிடுங்கி, என் கேபிளைச் செருகி, இரண்டு எண்ணை மாற்றினால் போதும். பத்து நிமிஷ வேலை. கேபிளில் கை வைத்தேன். பின்னாலிருந்து கனத்த குரல் வந்தது. அந்தக் கேபிள் எலக்ட்ரீஷியனுடையது, கையை எடு. எலக்ட்ரீஷியன் எங்கே? இடைவேளையில். எப்போது வருவார்? இடைவேளை முடிந்ததும். நான் என்ஜினியரிங் கல்லூரியில் வாங்கிய தங்க மெடலைப் பற்றி அங்கே யாரும் விசாரிக்கவில்லை. 

எலக்ட்ரீஷியன் வந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர், நிதானமான மனிதர். கேபிளைப் பிடுங்கினார். நான் செருக வேண்டியதையும் அவரே செருகினார். எண்ணை நான் மாற்றலாமாம். எண்களுக்கு யூனியன் இல்லை. வேலை முடிந்ததும் முதல் கேபிளைத் திரும்ப மாட்டிவிட்டு, அடுத்த தடவை நீயே தொட்டால் சங்கத்தின் கமிட்டிமேன் கிரீவன்ஸ் என்று புகார் எழுதுவார், நான் தொடாமல் இருந்த வேலைக்கு எனக்குக் கூலி வரும், உன் மேனேஜருக்கு அது பிடிக்காது என்று பொறுமையாக விளக்கினார். மிரட்டல் இல்லை, பாடம். அன்று ஞாயிற்றுக்கிழமை. அவருக்கு இரட்டைக் கூலி. எனக்குக் காஷுவல்.

அதற்குப் பிறகு நாங்கள் சிநேகிதமானோம். தொண்ணூறுகளின் கடைசியில் லைனில் கார் பூட்டுகிறவருக்கு மணிக்கு இருபது டாலரை ஒட்டிக் கூலி. எலக்ட்ரீஷியன், மில்ரைட், டூல் அண்ட் டை என்று கைத்தொழில் தேர்ந்தவர்களுக்கு அதற்கு மேல் சில டாலர். எட்டு மணியைத் தாண்டினாலும் சனிக்கிழமை வந்தாலும் ஒன்றரை மடங்கு. ஞாயிறும் பண்டிகையும் இரண்டு மடங்கு. ஏழு நாளும் வந்து நின்ற எலக்ட்ரீஷியன் வருஷத்துக்கு லட்சம் டாலரை எட்டுவது அந்த நாளிலேயே நடந்தது. அவருடைய மேற்பார்வையாளர் அதை எட்டவில்லை. நான் எட்டுவதைப் பற்றி யோசிக்கவே இல்லை. மிச்சிகனில் வசதிக்கு அடையாளம் 'அப் நார்த்' என்று சொல்லும் வடக்கே ஏரிக்கரையில் ஒரு குடில். அவருக்குக் குடில் இருந்தது, படகு இருந்தது, பனியில் ஓட்டும் வண்டியும் இருந்தது. நவம்பர் 15 மான் வேட்டை தொடங்கும் நாளில் அவரை பிளான்ட்டில் தேடுவது வீண். எனக்கு நோவை நகருக்குப் பக்கத்தில் முப்பது வருஷ வீட்டுக் கடனும் ஒரு டையும் இருந்தன.

மருத்துவக் காப்பீட்டுக்கு அவர் பிரீமியம் கட்டியதில்லை. முப்பது வருஷம் முடித்தால் வயது என்னவானாலும் பென்ஷன். 1970-ல் ஜெனரல் மோட்டார்ஸில் அறுபத்தேழு நாள் வேலைநிறுத்தம் செய்து வாங்கியதன் மிச்சம் அது. ஆள் குறைத்தால் வேலையில்லாப் படிக்கு மேல் கம்பெனியும் போட்டுக் கொடுக்கும். அது 1955-ல் ஃபோர்டிடம் வாங்கியது. 1984-லிருந்து ஜாப்ஸ் பேங்க் என்று ஒன்று. இயந்திரம் வந்து வேலை போனவர்கள் ஓர் அறையில் உட்கார்ந்து குறுக்கெழுத்துப் புதிர் போட்டுக்கொண்டு, முழுச் சம்பளத்தை ஒட்டிய தொகையை வாங்கிக்கொண்டு போகலாம். இந்த ஒன்றைப் பற்றி ஆபீஸ் கேன்டீனில் பேசாத நாள் கிடையாது. எங்களுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வரும். நாங்களும் சில மீட்டிங்குகளில் அதே புதிரைப் போட்டோம், ஆனால் புரொஃபஷனலாக.

நாங்கள் பேசாத சமாசாரம் ஒன்று உண்டு. எங்கள் மருத்துவக் காப்பீடும் பென்ஷனும் எங்கிருந்து வந்தன?

1914 ஜனவரியில் ஹென்றி ஃபோர்டு நாளுக்கு ஐந்து டாலர் என்று அறிவித்தது தயாள குணத்தால் என்று பள்ளிக்கூடப் புத்தகம் சொல்லும். முந்தைய வருஷம் அவரது ஹைலண்ட் பார்க் தொழிற்சாலையில் ஆட்கள் வந்த வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஐந்து டாலர் வாங்குகிறவன் வீட்டில் ஒழுங்காக இருக்கிறானா என்று பார்க்க ஃபோர்டு ஆள் அனுப்பியதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுமை. சங்கம் 1935-ல் பிறந்தது. 1936 கடைசியில் ஃபிளின்ட் நகரில் தொழிலாளர்கள் தொழிற்சாலைக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு நாற்பத்துநான்கு நாள் வெளியே வர மறுத்தார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் இறங்கி வந்தது. 1937 மே மாதம் ஃபோர்டின் ரூஜ் தொழிற்சாலை வாசலில் நோட்டீஸ் கொடுக்க வந்த வால்டர் ரூத்தரை அடியாட்கள் படியில் உருட்டினார்கள். அந்த ரூத்தர்தான் பின்னாளில் சங்கத்தின் தலைவராகி, 1950-ல் ஜெனரல் மோட்டார்ஸோடு ஐந்து வருஷ ஒப்பந்தம் போட்டார். 'டெட்ராய்ட் உடன்படிக்கை' என்று போர் முடிந்த தேசங்களுக்குச் சொல்வதுபோல அதற்குப் பெயர் வைத்தார்கள். பென்ஷன், மருத்துவம், விலைவாசிக்கு ஏற்ற பஞ்சப்படி. பஞ்சப்படி மட்டும் இரண்டு வருஷம் முன்பே, 1948-ல், வந்துவிட்டது. அதை முன்வைத்தவர் ஜெனரல் மோட்டார்ஸின் தலைவர் சார்ல்ஸ் வில்சனே. அடிக்கடி வேலைநிறுத்தம் வருவதைவிடக் கணக்காக ஒரு படி கொடுத்துவிடுவது மலிவு என்று அவருக்குத் தெரிந்தது.

யூனியன் எதை வாங்கினாலும் கொஞ்ச நாளில் அதில் ஒரு பங்கு சம்பளக்காரர்களுக்கும் வந்து சேரும். கம்பெனிக்கு எங்கள் மேல் இருந்த பிரியம் ஒரு காரணமாக இருக்கலாம். நாங்களும் போய்ச் சங்கத்தில் சேர்ந்துவிடக் கூடாதே என்பது இன்னொரு காரணம். கல்யாண வீட்டில் முதல் பந்திக்காரர்கள் சத்தம் போட்டு வரவழைத்த அப்பளமும் பாயசமும் இரண்டாம் பந்திக்குக் கேட்காமலே கிடைக்கும். நாங்கள் சாப்பிட்டுக்கொண்டே முதல் பந்தியின் சத்தத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். கிரைஸ்லரில் மட்டும் டிசைனர்களும் டெக்னிக்கல் ஆட்களும் சிலர் விவரமாக லோக்கல் 412 என்ற கிளையில் சேர்ந்து, டையோடும் சங்க அட்டையோடும் இருந்தார்கள். அவர்களைப் பார்த்தால் எங்களுக்குப் பாவமாக இருக்கும்.

இரண்டுக்கும் வித்தியாசம் காகிதத்தில் இருந்தது. ஹவர்லி ஆட்களின் சலுகை சட்டைப் பையில் வைக்கும் அளவில் ஒரு சிறிய ஒப்பந்தப் புத்தகம்; இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டது. எங்களுக்குக் கொடுத்தது வழவழப்பான தாளில் கலர்ப் புத்தகம். தாத்தாவும் பேரனும் ஏரியில் மீன் பிடிக்கும் படம், 'வாழ்நாள் முழுவதும்' என்ற சொல், கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் ஒரு வாசகம். கம்பெனி இந்தப் பலன்களை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், குறைக்கலாம், நிறுத்தலாம். ஜெனரல் மோட்டார்ஸின் சம்பள ஓய்வூதியர்கள் பல்லாயிரம் பேர் இதை நம்பி வழக்குப் போட்டார்கள், அதாவது மீன் பிடிக்கும் பக்கத்தை. 1998-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பொடி எழுத்துப் பக்கம்தான் செல்லும் என்று சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பு வந்த வாரம் கேன்டீனில் நாங்கள் வழக்கம்போல ஜாப்ஸ் பேங்க்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

அதன் பிறகு காலம் மாறிற்று. முதலில் டெல்ஃபி. ஜெனரல் மோட்டார்ஸ் 1999-ல் தன்னிடமிருந்து கழற்றிவிட்ட உதிரிபாகக் கம்பெனி. 2005 அக்டோபரில் திவால் மனு கொடுத்தது. மணிக்கு 27 டாலர் வாங்கியவர்களைப் பத்து டாலரை ஒட்டி இறக்க வேண்டும் என்று அதன் தலைவர் கேட்டார். மனு கொடுப்பதற்குச் சற்று முன்புதான் மேல்மட்ட அதிகாரிகள் விலகினால் கிடைக்கும் தொகையை உயர்த்தி வைத்திருந்தார்கள். திவாலிலும் முன்யோசனை வேண்டும். கேன்டீனில் ஹவர்லி ஆட்களுக்காக உச்சுக் கொட்டினோம். கடைசியில் நடந்ததோ வேறு. கம்பெனியைக் கழற்றும்போதே யூனியன் ஒரு உத்தரவாதம் எழுதி வாங்கியிருந்ததால், 2009-ல் பென்ஷன் நிதி மூழ்கியபோது யூனியன்காரர்களின் பென்ஷனுக்கு ஜெனரல் மோட்டார்ஸ் மீதிப் பணத்தைப் போட்டு நிரப்பியது. சம்பள ஓய்வூதியர்கள் சுமார் இருபதாயிரம் பேரிடம் அப்படி எந்தக் காகிதமும் இல்லை. அரசின் பென்ஷன் காப்பீட்டு அமைப்பு சட்டம் அனுமதித்த வரை கொடுத்தது. சிலருக்கு எழுபது சதவீதம் வரை போயிற்று. மருத்துவக் காப்பீடு அதற்குச் சில மாதம் முன்பே போயிருந்தது. அவர்கள் பத்து வருஷத்துக்கு மேல் வழக்கு நடத்தினார்கள். 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் விசாரிக்கவே மறுத்துவிட்டது. என் தெருவில் அப்படி ஒருவர் இருந்தார். மேனேஜராக ஓய்வு பெற்றவர். அறுபத்தெட்டு வயதில் சிவப்பு ஏப்ரன் கட்டி ஹார்டுவேர் கடையில் ஆணி எடுத்துக் கொடுத்தார். மணிக்கூலிக்குத்தான். ஓ.டி. உண்டாம்.

2008-ல் எங்களுக்கும் வந்தது. அந்த ஜூலையில் ஜெனரல் மோட்டார்ஸ், 65 வயதைக் கடந்த சம்பள ஓய்வூதியர்களுக்கு மருத்துவக் காப்பீட்டை ஜனவரி முதல் நிறுத்துவதாக அறிவித்து, பென்ஷனில் மாதம் 300 டாலர் கூட்டிக் கொடுத்தது. பேச்சுவார்த்தை, ஓட்டெடுப்பு, போராட்டம் எதுவும் கிடையாது. ஒரு கடிதம் போதுமானதாக இருந்தது. நவம்பரில் மூன்று கம்பெனித் தலைவர்களும் ஆளுக்கொரு தனி விமானத்தில் வாஷிங்டன் போய் அரசிடம் கடன் கேட்டார்கள். விமானத்தைக் கேட்டு நாடே சிரித்ததும், டிசம்பரில் காரிலேயே போனார்கள். கார் செய்கிறவர்கள் காரில் போனதைச் செய்தியாகப் படித்தது அந்த ஒரு தடவைதான்.

அந்த நாட்களில் தொலைக்காட்சியில் ஓர் எண் பறந்துகொண்டிருந்தது: கார்த் தொழிலாளிக்கு மணிக்கு எழுபது டாலர் சம்பளம். எங்கள் தெருவில் என்னிடமே கேட்டார்கள், எழுபது டாலராமே, நியாயமா? கையில் வாங்கியது 28 டாலர். மீதியில் சலுகைகளின் செலவும், எப்போதோ ஓய்வு பெற்றுப் போனவர்களின் பென்ஷன், மருத்துவச் செலவும் அடக்கம். அந்தக் கணக்கில் என் சம்பளத்தையும் போட்டுப் பார்த்திருந்தால் நானும் ஒரு கோமானாகத் தெரிந்திருப்பேன். யாரும் போட்டுப் பார்க்கவில்லை. டெட்ராய்ட்டைக் கவிழ்த்தவன் கார் பூட்டினவன்தான் என்று தீர்ப்பு எழுதியாகிவிட்டது. அவன் பூட்டிய காரை வரைந்தது, எரிபொருள் விலை ஏறும்போதும் பெரிய வண்டிகளையே நம்பியது, ஏழெட்டுப் பெயரில் ஒரே காரை விற்றது எல்லாம் சம்பளக்காரர்கள். ஆனால் எங்கள் மணிக்கூலி எவ்வளவு என்று யாருக்கும் தெரியாததால் தொலைக்காட்சியில் காட்ட எண் கிடைக்கவில்லை.

2009 வசந்தத்தில் கிரைஸ்லரும், ஜூன் முதல் தேதி ஜெனரல் மோட்டார்ஸும் திவால் நீதிமன்றத்துக்குப் போயின. யூனியன் பஞ்சப்படியை விட்டுக்கொடுத்தது, ஜாப்ஸ் பேங்க்கை விட்டுக்கொடுத்தது. ஓய்வு பெற்றவர்களின் மருத்துவச் செலவைச் சுமக்க ஏற்கெனவே ஒரு தனி அறக்கட்டளையை ஒத்துக்கொண்டிருந்தது. பணத்துக்குப் பதில் பங்கு கொடுக்கப்பட்டதில், கொஞ்ச காலம் கிரைஸ்லரில் பாதிக்கு மேல் அந்த அறக்கட்டளையின் பெயரில் இருந்தது. மார்க்ஸ் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாரா என்று தெரியாது. அந்தப் பங்கின் அன்றைய விலையைக் கேட்டால் பட்டிருக்கமாட்டார். எங்களுக்குச் சம்பளம் குறைந்தது, 401-கே சேமிப்பில் கம்பெனி போடும் பங்கு நின்றது, வெள்ளிக்கிழமைதோறும் அட்டைப்பெட்டியோடு சிலர் வெளியேறினார்கள். புரொஃபஷனல்களாகவே வெளியேறினார்கள். நன்றி சொல்லி எல்லோருக்கும் மின்னஞ்சல்கூட அனுப்பினார்கள்.

யூனியன்காரர்கள் இந்தக் கதையில் புனிதர்கள் என்று நினைக்க வேண்டாம். 2007 ஒப்பந்தத்தில் அவர்கள் ஒப்புக்கொண்ட இரட்டை அடுக்கு எனக்கு இன்றும் ஜீரணமாகவில்லை. ஒரே லைன், ஒரே கதவு. இடப்பக்கக் கதவை மாட்டுகிறவருக்கு 28 டாலர், வலப்பக்கக் கதவை மாட்டும் புது ஆளுக்கு 14 டாலரை ஒட்டி. புது ஆளுக்குப் பழைய பென்ஷனும் கிடையாது. வலப்பக்கக் கதவு மலிவு என்று வாங்குகிறவருக்குக் கம்பெனி விலை குறைக்கவில்லை. பிற்பாடு சங்கத்தின் முன்னாள் தலைவர்கள் இருவர் உறுப்பினர் பணத்தில் பாம் ஸ்பிரிங்ஸில் வில்லாவும் கோல்ஃபும் சுருட்டுமாக இருந்ததற்குச் சிறை போனார்கள். என் எலக்ட்ரீஷியன் நண்பர் அதற்குள் ஓய்வு பெற்று வடக்கே போய்விட்டார். போனில் அவரிடம் கேட்டேன். "ஆபீசர் மாதிரி ஆகிவிட்டார்கள்" என்றார். 

2020 வசந்தத்தில் கொள்ளை நோய் வந்து பிளான்ட்டுகள் எட்டு வாரம் மூடின. வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஹவர்லி ஆட்களுக்கு மாநிலத்தின் வேலையில்லாப் படி, அதன் மேல் மத்திய அரசு வாரம் 600 டாலர். வீட்டிலிருந்து வேலை செய்யும் பாக்கியம் பெற்ற எங்களுக்கு? ஜெனரல் மோட்டார்ஸ் உலகம் முழுக்க 69,000 சம்பளக்காரர்களின் சம்பளத்தில் இருபது சதவீதத்தைப் பிறகு தருவதாகச் சொல்லிப் பிடித்து வைத்துக்கொண்டது. மற்ற இடங்களிலும் அந்த மாதிரிதான். மேலே கோட், கீழே கைலி. காலை ஏழு முதல் இரவு பத்து வரை வீடியோ மீட்டிங். வேலை இல்லாதவர்களுக்குப் பணம் வந்தது, வேலை இருந்தவர்களுக்குப் பணம் பிடிக்கப்பட்டது. ஆனால் மே மாதம் முகமூடி போட்டுக்கொண்டு லைனில் தோளோடு தோள் நிற்கப் போனவர்கள் அவர்கள். அப்போதும் நான் கைலியில்தான் இருந்தேன். நிமிஷத்துக்கு ஒரு வண்டி நகரும் லைனில் முப்பது வருஷம் ஒரே போல்ட்டை முறுக்கியவரின் தோள்பட்டையைப் பார்த்தவர்கள் மணிக்கூலியை வெறுமனே பெருக்கிப் பார்க்கமாட்டார்கள்.

இனி என் மகள். அவள் கலிபோர்னியாவில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறாள், உயிரியல். கார் ஆயில் எங்கே ஊற்றுவது என்று தெரியாது. 2022 நவம்பரில் ஒரு நாள் போன் செய்து, ஸ்டிரைக்கில் இருக்கிறேன் அப்பா என்றாள். எந்த யூனியன் என்று கேட்டேன்.

"யு.ஏ.டபிள்யூ."

மோட்டார் தொழிலாளர் சங்கம்தான். கார் வேலைகள் குறைந்துபோக, சங்கம் பல்கலைக்கழகங்களுக்குள் போய் ஆராய்ச்சி மாணவர்களைச் சேர்த்திருந்தது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் மட்டும் 48,000 பேர் அன்று வேலையை நிறுத்தினார்கள். கால் நூற்றாண்டு கார் கம்பெனியில் இருந்த நான் சேராத சங்கத்தில், எலிகளுக்கு ஊசி போடுகிறவள் சேர்ந்துவிட்டாள். கிறிஸ்துமஸுக்குள் உயர்வு வாங்கிக்கொண்டும் வந்தாள். அவள் அம்மா எல்லோரிடமும் மகள் படிக்கிறாள் என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த வருஷம் டெட்ராய்ட்டின் முறை. ஊழலுக்குப் பின் உறுப்பினர்களே நேரடியாக ஓட்டுப் போட்ட தேர்தலில் 483 ஓட்டு வித்தியாசத்தில் ஷான் ஃபெயின் தலைவரானார். கிரைஸ்லரின் கோகோமோ தொழிற்சாலையில் அவர் என்ன வேலை பார்த்தவர் தெரியுமா? எலக்ட்ரீஷியன். கேபிளை யார் பிடுங்க வேண்டும் என்று தெரிந்த ஜாதி. கம்பெனி அனுப்பிய பதில் முன்மொழிவை வீடியோவில் குப்பைக்கூடையில் போட்டுக் காட்டினார். 2023 செப்டம்பர் 15 அன்று மூன்று கம்பெனிகளிலும் ஒரே நேரத்தில் ஸ்டிரைக். அப்படி முன்பு நடந்ததில்லை. எல்லாத் தொழிற்சாலைகளையும் மூடாமல் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்கள். அமெரிக்க ஜனாதிபதி பெல்வில்லுக்கு வந்து மெகாபோனோடு மறியல் வரிசையில் நின்றார். எங்களில் சிலருக்கு உதிரிபாகக் கிடங்கில் போர்க்லிப்ட் ஓட்டப் பயிற்சி கொடுக்கப்பட்டது. முனைவர் பட்டம் பெற்ற ஒரு நண்பர் ஒரு தட்டு ஷாக் அப்சார்பரைக் கீழே போட்டார். சம்பளம் அதேதான்.

ஆறு வாரத்தில் முடிந்தது. 2028 ஏப்ரல் வரை 25 சதவீத உயர்வு, அதில் 11 உடனடியாக. பஞ்சப்படி திரும்பியது. உச்சக் கூலிக்கு எட்டு வருஷம் ஏறவேண்டிய படிக்கட்டு மூன்று வருஷமானது. புதியவர்களின் 401-கேயில் கம்பெனி பத்து சதவீதம் போடும். உச்சக் கூலி மணிக்கு நாற்பது டாலரைத் தாண்டும். வருஷத்துக்கு 2,080 மணி என்று வைத்து நாற்பதால் பெருக்கினால் 83,200, ஓ.டி. சேர்க்காமல். எங்கள் பகுதியில் அன்று எல்லா வீட்டுச் சமையலறையிலும் இந்தப் பெருக்கல் நடந்தது. மகனை இன்ஜினியரிங் படிக்கவைத்த ஒருவர் எனக்குப் போன் செய்து, அநியாயம் சார், இப்படிக் கொடுத்தால் கம்பெனி தாங்குமா என்றார். எனக்கு அந்த வரி பழக்கமானது; கேன்டீனில் நான் சொல்லிச் சொல்லித் தேய்ந்தது. அந்த வருஷமே வசந்தத்தில் ஜெனரல் மோட்டார்ஸில் சுமார் 5,000 சம்பளக்காரர்கள் விலகுகிறவர்களுக்குத் தரும் பை-அவுட் தொகையை வாங்கிக்கொண்டு போயிருந்ததை அவர் குறிப்பிடவில்லை. எங்கள் இடத்திலும் ஒரு கடிதம் வந்தது. நானும் கையெழுத்துப் போட்டு வெளியே வந்தேன்.

கிறிஸ்துமஸுக்கு மகள் வந்திருந்தாள். பென்ஷன், காப்பீட்டுத் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். உதவுகிறேன் என்று பக்கத்தில் உட்கார்ந்தாள். சங்கத்தில் ஒப்பந்தக் குழுவில் இருந்தவள், காகிதத்தைப் பின்பக்கத்திலிருந்து படிக்கக் கற்றிருக்கிறாள். கலர்ப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, பொடி எழுத்தை விளக்கின் அடியில் பிடித்தாள்.

"எப்ப வேணா மாத்தலாம், எப்ப வேணா நிறுத்தலாம்னு போட்டிருக்கேப்பா. இதைப் படிச்சிட்டா கையெழுத்துப் போட்டீங்க?"

"படிக்கலம்மா. அன்னிக்கு ராத்திரி வேலை நிறைய இருந்தது."

"ஓ.டி. கொடுத்தாங்களா?"

அப்பா உயிரோடு இருந்தால் பேத்தியோடு நன்றாகப் பேசிக்கொண்டிருந்திருப்பார். நான் அடுத்த கோப்பை எடுத்துக் கொடுத்தேன்.